தெளிந்த வானமும் கடுங்குளிரும்: தை மாத வானிலை அறிக்கையை நோயாளிகள் படிக்கும் முறை

தமிழகத்தில் வறண்ட வானிலை நிலவக்கூடும். நீலகிரி மாவட்டத்தின் ஓரிரு இடங்களில் அதிகாலை வேளையில் உறைபனிக்கு வாய்ப்புண்டு. சனவரி மாதத்துப் பெரும்பாலான நாட்களில் வானிலை அறிக்கை ஏறத்தாழ இவ்விரு தொடர்களோடு முடிந்துவிடும். மழை இல்லை, புயல் இல்லை, வானம் தெளிவு என்றதும் பலரும் நிம்மதியோடு வானொலியை அணைத்துவிடுகின்றனர். ஆனால் ஆஸ்துமாவினாலோ, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயினாலோ, இதய நோயினாலோ துன்புறுவோர் மலைப்பகுதியில் மிகவும் விழிப்புடன் இருக்க வேண்டிய இரவை அறிவிப்பதும் அதே இரண்டு தொடர்கள்தாம்.

வானம் தெளிவாக இருந்தால் குளிர் ஏன் கூடுகிறது, மேகம் சூழ்ந்தால் ஏன் குறைகிறது என்று புறநோயாளர் பிரிவில் பலர் எங்களிடம் கேட்பதுண்டு. அதற்கு விடை காண வேண்டுமானால் மேகம் எவ்வாறு உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அந்த அறிவு இருந்தால், அறிக்கையில் உள்ள எந்தச் சொல் நம் வீட்டு நோயாளிக்கு உரியது என்பதை நாமே கண்டுகொள்ளலாம்.

காற்றில் நீர் எப்போதும் கண்ணுக்குப் புலப்படாத ஆவியாகக் கலந்திருக்கிறது. எவ்வளவு ஆவி கலந்திருக்க முடியும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்க இயலும். அதுவே 20 டிகிரியில் 17 கிராமாகவும், 10 டிகிரியில் 9 கிராமாகவும் குறைந்து, 0 டிகிரியில் 5 கிராமுக்கும் சற்றுக் கீழே வந்துவிடுகிறது. எனவே ஈரமுள்ள காற்றைக் குளிர வைத்துக்கொண்டே போனால், இனி இந்த ஆவியைத் தாங்க இயலாது என்ற நிலை ஒன்று வரும். அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்பர். அதற்கும் கீழே குளிர்ந்தால் மிகுதியான ஆவி நீர்த்துளியாக மாறியாக வேண்டும். குளிர்காலக் காலையில் நம் வாயிலிருந்து புகைபோல வெளிவருவது இவ்வாறு பிறக்கும் ஒரு சிறு மேகமே. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த மருந்துக் குப்பியின் வெளிப்புறம் வியர்ப்பதற்கும் சூடான தேநீரைக் குனிந்து பருகுகையில் மூக்குக் கண்ணாடி மங்குவதற்கும் காரணம் இதுதான்.

வானத்தில் காற்றைக் குளிர வைப்பது எது? பெரும்பாலும் மேலெழும் இயக்கமே. உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. எழும் காற்று விரிவடைகிறது. விரிவடைவதற்குத் தன் வெப்பத்தையே செலவிடுவதால் குளிர்கிறது. துளி உருவாகாத வரையில் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி வீதம் அது குளிரும்.

இதற்கு நம் மலைப்பாதையே சிறந்த பாடநூல். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒரு பிற்பகலில் அங்கே வெப்பநிலை 30 டிகிரி, பனிநிலை 18 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று மலைச்சரிவில் தள்ளப்பட்டு 1,500 மீட்டர் மேலேறினால் 15 டிகிரிக்குக் குளிர்ந்துவிடும். உயரம் கூடும்போது பனிநிலையும் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 2 டிகிரி வீதம் இறங்குவதால் அதுவும் அவ்வுயரத்தில் 15 டிகிரிக்கு வந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொட்ட இடத்தில் மேகத்தின் அடிப்பகுதி தொடங்குகிறது. கணக்குப்படி அது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,830 மீட்டர். குன்னூர் நகரம் இருப்பதும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான். கீழிருந்து பார்ப்பவருக்கு மலைமுடியைத் தழுவும் வெண்மேகமாகவும், குன்னூர்க் கடைவீதியில் நிற்பவருக்கு எதிரே வருபவரைக் கூடக் காணவிடாத மூட்டமாகவும் தோன்றுவது ஒரே பொருள்தான். மேகத்தைத் தொட்டுப் பார்க்க விரும்புவோர் விமானம் ஏற வேண்டியதில்லை என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

துளி உருவாவதற்குக் குளிர்ச்சி மட்டும் போதாது. ஆவி படிவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். காற்றில் மிதக்கும் கடல் உப்புத் துகள், மண் தூசு, புகைத் துகள் ஆகியவையே அந்தப் பிடிமானம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஐட்கன் என்னும் அறிவியலாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனைச் சோதனைகளால் விளக்கிக் காட்டினார். வடிகட்டித் தூசு நீக்கிய காற்றில் மூட்டம் எளிதில் உண்டாவதில்லை. சாதாரண அறைக் காற்றில் உடனே உண்டாகிறது. ஆகவே ஒவ்வொரு மேகத் துளியின் நடுவிலும் ஒரு துகள் இருக்கிறது எனலாம். நுரையீரல் நோயாளிகள் இந்தச் செய்தியை நினைவில் வைத்திருக்க வேண்டும். இதன் தொடர்ச்சியைப் பின்னால் காண்போம்.

மேகத் துளியின் விட்டம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய துளி நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே கீழிறங்கும் என்பதால், மென்மையான மேல்நோக்கிய காற்றோட்டமே அதனைத் தாங்கப் போதுமானது. ஒரு கிலோமீட்டர் நீள, அகல, உயரமுள்ள சாதாரணத் திரள் மேகத்தில் ஏறத்தாழ 500 டன் நீர் இருக்கும். ஆயினும் அது விழுவதில்லை. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மழைத்துளி உருவாக அத்தகைய துளிகள் ஏறக்குறைய பத்து லட்சம் ஒன்றுசேர வேண்டும். மேகம் வந்தும் மழை வராமற்போவதில் வியப்பில்லை.

மருத்துவமனையில் நாங்கள் பயன்படுத்தும் நெபுலைசரும் ஒரு வகையில் செயற்கை மேகத்தையே உருவாக்குகிறது. ஆனால் அதன் துளிகள் மேகத் துளியைவிட நான்கு முதல் இருபது மடங்கு சிறியவை. காரணம் உண்டு. பெரிய துளிகள் மூக்கிலும் தொண்டையிலும் படிந்து நின்றுவிடும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று முதல் ஐந்து பங்கு வரையுள்ள துளிகளே சிறு மூச்சுக்குழல்களைச் சென்றடையும். நெபுலைசரின் குழாய் அல்லது கிண்ணம் பழுதடைந்து பெரிய துளிகளாகத் தெறிக்கத் தொடங்கினால் மருந்து செலவாகும், மூச்சு எளிதாகாது. வெந்நீர் ஆவி பிடிப்பதை நெபுலைசருக்கு மாற்றாகக் கொள்வதும் சரியன்று. ஆவி மூக்கடைப்பைத் தளர்த்தலாம். இறுகிய மூச்சுக்குழலைத் திறக்கும் மருந்து அதில் இல்லை. சிறுவர்களுக்குப் போர்வை மூடி ஆவி பிடிக்கச் செய்யும்போது பாத்திரம் கவிழ்ந்து ஏற்படும் தீக்காயங்களையும் நாங்கள் காண்கிறோம்.

மேகங்களுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர்களைச் சூட்டியவர் ஒரு மருந்தாளர் என்பது மருத்துவமனை இதழின் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. லண்டனில் மருந்துப் பொருட்களைத் தயாரித்து வந்த லூக் ஹோவர்டு 1802ஆம் ஆண்டில் ஆற்றிய உரையில் மேகங்களை வகைப்படுத்தினார். நம் பள்ளி நூல்களில் கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம், கார்மேகம் என்று வழங்கும் பெயர்கள் அவர் இட்ட இலத்தீன் பெயர்களின் வழிவந்தவை. கீற்று மேகம் மிக உயரத்தில் பனித்துகள்களால் ஆனது. திரள் மேகம் பகல் வெயிலில் பஞ்சுப் பொதிபோல எழுவது. படை மேகம் கூரைபோல வானத்தை மூடுவது. அது தரையைத் தொட்டால் அதன் பெயர் மூடுபனி.

இனி இரவுக் குளிருக்கு வருவோம். பகலில் வெயிலை வாங்கிய தரை இரவில் அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகக் கூரை இருந்தால் அது அக்கதிர்களை உறிஞ்சி, ஒரு பகுதியை மீண்டும் தரைக்கே அனுப்பும். கம்பளி போர்த்தியது போன்ற நிலை. மேகம் இல்லாத, காற்று அசையாத, ஈரம் குறைந்த இரவில் வெப்பம் தடையின்றி வெளியேறுகிறது. சனவரியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வறண்ட காற்று நிலவுவதாலும், 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்று அடர்த்தி குறைந்திருப்பதாலும் அங்கே இந்த இழப்பு விரைவாக நிகழ்கிறது. ஆகவே பகலில் வெயில் சுடும் அதே நாளின் இரவில் புல்வெளி வெண்மையாக உறைந்துவிடுகிறது.

குளிர்ந்த காற்று எடை மிகுந்தது. நீர் பள்ளத்தை நாடுவதுபோல அதுவும் சரிவுகளில் வழிந்து தாழ்வான இடங்களில் தேங்குகிறது. தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்கா ஆகிய பகுதிகளின் பெயர்களே உறைபனிச் செய்திகளில் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் வருவதற்கு இதுவே காரணம். மேட்டில் உள்ள வீட்டைவிடப் பள்ளத்தில் உள்ள வீடு அதிகாலையில் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்திருக்கலாம். ஒரே ஊருக்கு ஒரே குறைந்தபட்ச வெப்பநிலையை அறிக்கை சொன்னாலும், உங்கள் வீட்டு வாசலின் வெப்பநிலை அதுவாக இருக்க வேண்டியதில்லை.

வெப்பநிலை 3 டிகிரி என்று அறிவிக்கப்பட்ட காலையிலும் உறைபனி படிந்திருப்பதைக் கண்டு, அறிக்கை தவறு என்று கருதுவோர் உண்டு. அறிக்கை தவறன்று. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில், வெயிலும் கதிர்வீச்சும் நேரே படாத வெண்ணிறப் பலகைக் கூண்டுக்குள் வைக்கப்பட்டிருக்கும். அந்தக் கூண்டை வடிவமைத்தவர் தாமஸ் ஸ்டீவன்சன். புகழ்பெற்ற எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. நான்கடி உயரத்தில் 3 டிகிரி இருக்கும்போது புல்நுனியில் 0 டிகிரிக்கும் கீழே சென்றிருக்கலாம். தரையில் பாய் விரித்துப் படுக்கும் முதியவருக்கு இது வெறும் அறிவியல் செய்தி அன்று. அவரைக் கட்டிலுக்கு மாற்றுவதே முதல் மருத்துவம்.

பனி மேலிருந்து தலையில் இறங்குகிறது என்ற எண்ணமும் நம்மிடையே ஆழமாக உள்ளது. உண்மையில் பனித்துளி வானிலிருந்து விழுவதில்லை. குளிர்ந்த இலையின்மேல், கூரையின்மேல், வாகனத்தின்மேல் அங்கேயே உருவாகிறது. மஃப்ளரால் காதை மட்டும் மூடிக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி நடக்கும் ஆஸ்துமா நோயாளியை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். காது மூடுவதில் தவறில்லை. தலையும் கழுத்தும் மூடப்பட்டால் உடல் வெப்பம் காக்கப்படும். ஆனால் நுரையீரலுக்கு உதவ வேண்டுமானால் அந்தத் துணி மூக்கையும் வாயையும் தளர்வாக மூட வேண்டும். வெளிவிடும் மூச்சின் ஈரமும் வெப்பமும் துணியில் தங்கி, உள்ளே செல்லும் காற்றைச் சற்று இதமாக்கும்.

இதன் முக்கியத்துவத்தை ஒரு சிறு கணக்கால் உணரலாம். அதிகாலையில் ஒப்பு ஈரப்பதம் 95 விழுக்காடு என்று அறிக்கை சொல்லும். காற்று நல்ல ஈரமாக இருப்பதாகத்தானே பொருள் என்று தோன்றும். ஆனால் 2 டிகிரிக் காற்று முழுவதும் நிறைந்திருந்தாலும் ஒரு கன மீட்டருக்கு ஐந்தரை கிராம் நீராவியே கொண்டிருக்கும். நுரையீரலின் உள்ளே 37 டிகிரியில் நிறைந்த காற்றுக்குத் தேவைப்படுவது சுமார் 44 கிராம். மீதியை மூக்கும் மூச்சுக்குழல்களும் தம் ஈரத்திலிருந்தே தர வேண்டும். ஓய்வில் இருக்கும் ஒருவர் ஒரு நாளில் சுமார் 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். ஆகவே நாளொன்றுக்கு முந்நூறு மில்லிலிட்டருக்கும் மேலான நீர் இதற்கே தேவைப்படுகிறது. வெளிமூச்சின்போது மூக்கு அதில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்கிறது. வாயால் மூச்சு விடுவோர்க்கு அந்த மீட்பும் குறைவு. மூச்சுக்குழலின் உட்பரப்பு உலர்ந்தால் அது எரிச்சலுற்றுச் சுருங்கும். இருமல், இளைப்பு தொடங்கும். நோயாளிக்கு மூடுபனிக் காலையின் காற்று, கண்ணுக்கு ஈரமாகத் தெரிந்தாலும், உலர்ந்த காற்றே.

குளிரில் தாகம் தோன்றாது. சிறுநீர் மட்டும் கூடுதலாகப் பிரியும். எனவே வெதுவெதுப்பான நீரை நேரம் வைத்துப் பருகுவது நல்லது. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் காரணமாக நீர் அளவு குறித்துத் தரப்பட்டவர்கள் அந்த அளவை மீறலாகாது.

முன்பு குறிப்பிட்ட துகள்களுக்குத் திரும்புவோம். வழக்கமாகத் தரையருகே வெப்பமும் மேலே குளிரும் இருக்கும். தெளிந்த குளிர் இரவின் முடிவில் இது தலைகீழாகிறது: தரையருகே குளிர்ந்த காற்றும் அதன்மேல் சற்று வெப்பமான காற்றும் மூடிபோல் அமைகின்றன. விறகடுப்புப் புகை, குப்பை எரிக்கும் புகை, வாகனப் புகை எதுவும் அந்த மூடியைத் தாண்டி மேலே செல்வதில்லை. புகைத் துகள்களின்மேல் ஈரம் படிந்து மூட்டம் இன்னும் அடர்த்தியாகிறது. 1952ஆம் ஆண்டு திசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மாநகரை மூடிய புகைமூட்டம் இப்படிப்பட்டதே. அதனால் ஏறத்தாழ 4,000 பேர் இறந்தனர் என்று அன்று கணக்கிடப்பட்டது. உண்மையான எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு என்று பிற்கால ஆய்வுகள் கூறின. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியோரும் நெஞ்சு நோயாளிகளுமே. நமக்கு அந்த அளவு நிலக்கரிப் புகை இல்லை. ஆயினும் சமவெளி நகரங்களில் போகிப் பண்டிகையன்று விடியலில் பழைய பாய்களும் டயர்களும் எரியும்போது, அந்தக் குளிர்மூடியின் கீழேயே அப்புகை தங்குகிறது. நுரையீரல் நோயாளிகள் போகியன்று வெயில் ஏறும் வரை சன்னலை மூடி உள்ளே இருப்பதும், காலை மருந்தை மூச்சிழுப்பானில் தவறாமல் எடுப்பதும் அவசியம்.

புகையைப் பற்றி இதைவிட அவசரமான ஒரு செய்தி உண்டு. உறைபனி இரவுகளில் மலைப்பகுதி வீடுகளிலும் தங்கும் விடுதிகளிலும் குமுட்டி அடுப்பில் கரி மூட்டி, கதவு சன்னல்களை இறுக மூடிப் படுத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தணல் மட்டுமே உள்ளது, புகையே இல்லை என்பார்கள். ஆபத்து அதில்தான் உள்ளது. காற்றோட்டமற்ற அறையில் எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரிச்சலும் இல்லை. ஆக்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது இரத்தத்தின் ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, குமட்டல், சோர்வு, பிறகு உறக்கம். உறங்குபவர் அதை உணராமலேயே உயிரிழக்கிறார். ஒரே அறையில் படுத்த குடும்பத்தினர் பலரும் ஒருசேரத் தலைவலியோடு எழுந்தால், உணவு ஒவ்வாமை என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். உடனே அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108ஐ அழையுங்கள்.

வீட்டில் ஆக்சிமீட்டர் வைத்திருக்கும் குடும்பத்தினர் இதனை இருமுறை படிக்க வேண்டுகிறோம். விரலில் மாட்டும் சாதாரணக் கருவி, கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிசன் ஏறிய இரத்தத்தையும் வேறுபடுத்தி அறியாது. அது 98 என்று காட்டிக்கொண்டிருக்கையிலேயே நோயாளி மயங்கிக்கொண்டிருக்கலாம். கரி அடுப்பு இருந்த அறையிலிருந்து வந்தவருக்கு அந்த எண்ணை நம்பாதீர்கள்; அடுப்பு இருந்த செய்தியை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். இதற்கு மாறான பிழையும் குளிரில் நேர்வதுண்டு. விரல் சில்லிட்டு இரத்த ஓட்டம் குறைந்திருந்தால் கருவி உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டலாம், அல்லது எண்ணே காட்டாது. கையைத் தேய்த்துச் சூடாக்கி, சில நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். அதற்குள் மூச்சுத்திணறலோ உதடு நீலம் பூத்தலோ இருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டில் ஆக்சிசன் உருளையோ செறிவூட்டியோ பயன்படுத்துவோர் கணப்பு, மெழுகுவத்தி, ஊதுவத்தி எதையும் அந்த அறையில் வைக்கலாகாது.

இதயத்துக்கும் குளிருக்கும் உள்ள தொடர்பு எளிது. உடல் வெப்பத்தைக் காக்கத் தோலின் இரத்தக் குழல்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் உயர்கிறது. இதயம் கூடுதலாக உழைக்கிறது. விடியற்காலை, இயல்பாகவே மாரடைப்புக்கு வாய்ப்பு மிகுந்த பொழுது. கடுங்குளிரும் அதனோடு சேரும்போது நடைப்பயிற்சியை ஐந்தரை மணிக்குத்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடிப்பதில் பொருளில்லை. வெயில் வந்தபின் நடந்தாலும் பயன் அதேதான். வீட்டில் இரத்த அழுத்தம் பார்ப்போர் வெளியிலிருந்து வந்தவுடன் பார்க்காமல், வெப்பமான அறையில் ஐந்து நிமிடம் அமர்ந்தபின் பார்க்கவும். குளிர்காலத்தில் அளவு சற்றுக் கூடியிருந்தால் மாத்திரையைத் தாமே கூட்டிக்கொள்ளாமல், ஒரு வாரத்து அளவுகளைக் குறித்து எடுத்துவாருங்கள்.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெந்நீர்ப் பையையும் கணப்பையும் கால்களிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். சூடு உறைக்காத காலில் இரவு முழுதும் பை இருந்தால் காலையில் கொப்புளம் இருக்கும். அது ஆற மாதங்கள் ஆகலாம். தடித்த காலுறையே போதும். உறைந்துபோன இன்சுலின் பயனற்றது. மீண்டும் உருகியபின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் எறிந்துவிட வேண்டும். இரவில் வாகனத்துக்குள் மருந்துப் பையை விட்டுவிட்டு இறங்குவோர் இதைக் கவனிக்கவும். அழுத்த வகை மூச்சிழுப்பான்கள் குளிரில் சரிவரப் பீய்ச்சுவதில்லை. சட்டையின் உட்பையில் வைத்திருந்து, கையில் சற்றுச் சூடேற்றிய பின் பயன்படுத்துங்கள்.

அறிக்கையில் வரும் வழக்குச் சொற்கள் சிலவற்றையும் அறிந்துகொள்வது நலம். 'ஓரிரு இடங்களில்' என்றால் அப்பகுதியின் கால் பங்குக்கு மிகாத இடங்கள். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால் பங்குக்கு மேல். பார்வைத்தொலைவு ஆயிரம் மீட்டருக்குக் குறைந்தால் மூடுபனி. 200 மீட்டருக்குக் குறைந்தால் அடர் மூடுபனி. 50 மீட்டருக்கும் குறைந்தால் மிக அடர் மூடுபனி. எச்சரிக்கை நிறங்களில் மஞ்சள் என்பது தொடர்ந்து கவனிக்கவும், ஆரஞ்சு என்பது ஆயத்தமாக இருக்கவும், சிவப்பு என்பது செயலில் இறங்கவும் என்பதைக் குறிக்கும். 'குளிர் அலை' என்ற சொல், குறைந்தபட்ச வெப்பநிலை சமவெளியில் 10 டிகிரி, மலையில் 0 டிகிரி என்ற எல்லைக்கு வந்து, இயல்பைவிடவும் 4.5 டிகிரியேனும் தாழ்ந்தால்தான் பயன்படுத்தப்படும். ஆகவே அச்சொல் அறிக்கையில் இல்லை என்பதற்காகக் குளிர் இல்லை என்று கொள்ள வேண்டாம்.

நோயாளியைக் கவனித்துக்கொள்வோர் அறிக்கையில் மூன்றை மட்டும் பார்த்தாலும் போதும்: இரவு வானம் தெளிவா, காற்று அமைதியா, மூடுபனி உண்டா. முதலிரண்டும் ஆம் எனில் அன்றிரவு கூடுதல் கம்பளியும், படுக்குமுன் மூச்சு மருந்தும், எழுந்தவுடன் வெளியே செல்லாமையும் வேண்டும். கிழக்குக் காற்றின் அலையொன்று வந்து வானம் மேகமூட்டத்துடன் காணப்படும் என்றால் இரவுக் குளிர் சற்றுத் தணியும். ஆனால் பகலில் வெயில் இராது, துணி உலராது, மழைத்தூறலும் மலைப்பாதையில் மூட்டமும் சேரும்.

மூடுபனி அறிவிப்பு உள்ள நாளில் மலைப்பாதை வழியாக மருத்துவமனைக்கு வருவோர் விடியலுக்கு முன் புறப்பட வேண்டாம். கதிரவன் எழுந்து தரை வெப்பமடைந்ததும் இரவில் தேங்கிய மூடுபனி பெரும்பாலும் ஒன்பது, பத்து மணிக்குள் கலைந்துவிடும். பிற்பகலில் சமவெளியிலிருந்து மேலேறி வரும் மேகமூட்டம் அப்படிக் கலையாது, மாலை வரை நிற்கலாம். ஆகவே காலை பத்து மணிக்குப் பின் வந்து, பிற்பகலுக்குள் திரும்பும்படி பயணத்தை அமைத்துக்கொள்வது நல்லது. வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியவர்கள், குறிப்பாக நீரிழிவு மருந்து எடுப்போர், நேரம் தள்ளிப்போனால் என்ன செய்வது என்பதை முன்னரே செவிலியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முன்பதிவு நேரத்தை மாற்ற விரும்புவோர் முந்தைய நாள் மாலைக்குள் பதிவு மேசைக்குத் தொலைபேசியில் தெரிவித்தால் போதும். மூடுபனி நாட்களில் தாமதமாக வருவோருக்கு வரிசை எண் இழப்பு இராது.